சின்ன நாவல், மூன்று பெரிய படங்கள்: 'ஹாபிட்' ஏன் இப்படி ஆனது?

ஏழாம்பக்கம் (கேள்வி):

டோல்கீனின் 'தி ஹாபிட்' நாவலை இந்த மாதம்தான் முழுதாகப் படித்து முடித்தேன். பில்போ என்ற சின்ன மனிதன், தோரினின் தலைமையில் பதின்மூன்று குள்ளர்களோடு, மலைக்குள் ஒரு டிராகன் பிடித்துவைத்திருக்கும் தங்கத்தை மீட்கப் போகிற கதை. 1937இல் வந்த புத்தகம், மொத்தம் 19 அத்தியாயம், என்னிடம் உள்ள பதிப்பில் முந்நூறு பக்கத்துக்குக் கொஞ்சம் மேல். படித்த சூட்டோடு பீட்டர் ஜாக்சனின் மூன்று படங்களையும் வரிசையாகப் பார்த்தேன். தியேட்டரில் வந்த பதிப்பையே எடுத்துக்கொண்டாலும் முதல் படம் 169 நிமிடம், இரண்டாவது 161, மூன்றாவது 144. கூட்டினால் 474 நிமிடம், எட்டு மணி நேரத்துக்கு ஆறு நிமிடம்தான் குறைவு. இதே இயக்குநர் 'லார்ட் ஆஃப் த ரிங்ஸ்' என்ற ஆயிரம் பக்கத்துக்கும் மேற்பட்ட கதையை எடுத்தபோது ஆன நேரம் 558 நிமிடம். அதாவது மூன்றில் ஒரு பங்கு கூட இல்லாத புத்தகத்துக்குக் கிட்டத்தட்ட அதே அளவு நேரம்.

படங்கள் பிடிக்கவே இல்லை என்று சொல்ல வரவில்லை. மார்ட்டின் ஃப்ரீமனைத் தவிர வேறு யாரையும் பில்போவாக இனி என்னால் நினைத்துப் பார்க்க முடியாது. ஆனால் இவ்வளவு நேரம் எடுத்துக்கொண்டும் புத்தகத்தில் எனக்குப் பிடித்த பல இடங்கள் வந்த சுவடே தெரியாமல் போய்விட்டன, புத்தகத்தில் இல்லவே இல்லாத ஆட்கள் மணிக்கணக்கில் ஓடிக்கொண்டும் வெட்டிக்கொண்டும் இருந்தார்கள். மூன்றாவது படம் முடிந்தபோது களைப்பாக இருந்ததே தவிர மனம் நிறையவில்லை.

என் கேள்வி இதுதான். நேரம் கூடினால் புத்தகத்துக்கு நெருக்கமாகத்தானே வர வேண்டும்? ஏன் தலைகீழாக நடந்தது? இது வெறும் பணத்துக்காக இழுத்ததா, இல்லை ஒரு நாவலைப் பல படங்களாக எடுப்பதிலேயே ஏதோ கோளாறு இருக்கிறதா? நன்றாக அமைந்த உதாரணங்கள் இருந்தாலும் சொல்லுங்கள்.

---

மலைக்கணவாய்:

நல்ல கேள்வி, எனக்கு ரொம்ப நாளாக மனதில் இருக்கும் விஷயம், அதனால் கொஞ்சம் நீளமாகவே எழுதுகிறேன்.

இழுத்ததால் கெட்டது என்று எல்லோரும் சொல்கிறார்கள். நான் அப்படிப் பார்க்கவில்லை. இழுத்திருந்தால் கூடப் பரவாயில்லை. முதல் படத்தில் பில்போவும், குகையில் வாழும் கோலம் (Gollum) என்ற பிராணியும் விடுகதை போடும் காட்சியைத் திரும்பப் போட்டுப் பாருங்கள். புத்தகத்தின் ஐந்தாவது அத்தியாயம் அது. இரண்டே பேர், ஒரு இருட்டுக் குகை, பேச்சு மட்டும்தான். கோலம் யோசிக்கிறான், பல்லைக் கடிக்கிறான், கெஞ்சுகிறான், மிரட்டுகிறான், பில்போவுக்கு விடை தெரியாமல் வியர்க்கிறது, கடைசியில் பையில் என்ன இருக்கிறது என்று தனக்குத்தானே கேட்டுக்கொண்டது விடுகதையாக மாறிவிடுகிறது. ஒரு சண்டைக்காட்சியை முடிக்கும் நேரத்தை இந்தப் பேச்சுக்கே கொடுத்திருக்கிறார்கள், ஒரு நொடி கூட நீளமாகத் தெரியவில்லை. படப்பிடிப்பில் முதன்முதலாக எடுத்ததே இந்தக் காட்சிதான். மூன்று படமும் இந்த நிதானத்தில் நகர்ந்திருந்தால் ஒன்பது மணி நேரம் போனாலும் நான் உட்கார்ந்து பார்த்திருப்பேன்.

நடந்தது என்னவென்றால் பில்போவின் கதைக்குள் வேறு யார் யாருடைய கதையோ புகுந்துவிட்டது. ஓர்க் என்ற அரக்கர் கூட்டத்தின் தலைவன் அஸோக்கை எடுத்துக்கொள்ளுங்கள். டோல்கீன் எழுதியபடி அவன் தோரின் தலைமையில் இந்தப் பயணம் கிளம்புவதற்குக் கிட்டத்தட்ட ஒன்றரை நூற்றாண்டுக்கு முன்பே போரில் செத்துப்போனவன். நாவலில் அவன் பெயர் போகிறபோக்கில் வரும், அவ்வளவுதான். படத்தில் அவனை உயிரோடு எழுப்பி, கைக்குப் பதில் ஒரு இரும்புக் கொக்கியை மாட்டி, முதல் படத்திலிருந்து மூன்றாவது படம் வரை தோரினைத் துரத்த விட்டிருக்கிறார்கள். ஏன் என்று யோசித்தால் புரியும். நாவலின் வில்லன் ஒரு டிராகன், அது மலைக்குள் தூங்கிக்கொண்டிருக்கிறது. பயணத்தில் வரும் ஆபத்துகள் ஒவ்வொன்றும் தனித்தனி: பூதங்கள், கோப்ளின்கள், சிலந்திகள், எல்ஃப் அரசனின் சிறை. ஒரு அத்தியாயம் ஒரு ஆபத்து என்று குழந்தைகளுக்கு இரவில் படித்துச் சொல்லத் தோதாக அமைந்த கதை. அதை மூன்று தனிப் படமாக்கினால் ஒவ்வொரு படத்துக்கும் ஒரு வில்லன் வேண்டும், ஒரு உச்சக்கட்டம் வேண்டும், துரத்த ஆள் வேண்டும். புத்தகத்தில் இல்லாததை அங்கேதான் செய்து ஒட்டினார்கள்.

பீப்பாய் காட்சி இன்னொரு உதாரணம். நாவலில் பில்போ ஆளை மறைக்கும் மோதிரத்தைப் போட்டுக்கொண்டு எல்ஃப் அரசனின் மாளிகைக்குள் யார் கண்ணிலும் படாமல் நாள் கணக்கில் திரிகிறான், திருடித் தின்கிறான், தனியாக, பேசக்கூட ஆளில்லாமல். பிறகு காவலாளிகள் குடித்துவிட்டுத் தூங்கும் நேரம் பார்த்துச் சாவியை எடுத்து, குள்ளர்களை ஒவ்வொருவராகக் காலிப் பீப்பாய்க்குள் வைக்கோல் அடைத்து மூடி ஆற்றில் விடுகிறான். பதின்மூன்று பேரையும் அடைத்த பிறகுதான் தன்னை உள்ளே வைத்து மூட ஆள் இல்லையே என்பது அவனுக்கு உறைக்கிறது. கடைசியில் ஒரு பீப்பாயின் மேல் தொற்றிக்கொண்டு குளிரில் நடுங்கியபடி போகிறான். ஒரு பயந்த சின்ன மனிதன் பொறுமையாலும் மூளையாலும் பெரிய வேலை ஒன்றைச் செய்து முடிக்கிற இடம் இது, யாரும் பாராட்டவும் இல்லை. படத்தில் பீப்பாய்களுக்கு மூடியே கிடையாது. கரையில் ஓர்க்குகள், மேலே எல்ஃப் வீரன் லெகோலாஸ் குள்ளர்களின் தலையில் ஏறி நின்று அம்பு விடுகிறான், குள்ளன் பாம்பூரின் பீப்பாய் கரையேறி உருண்டு ஆட்களை நசுக்குகிறது. பார்க்க விறுவிறுப்புதான், மறுக்கவில்லை. பில்போ அதில் எங்கே இருக்கிறான் என்று தேடிப் பாருங்கள்.

போர் வரும்போது இது இன்னும் தெளிவாகத் தெரியும். நாவலில் போர் மும்முரமாகிற நேரத்தில் பில்போவின் தலையில் ஒரு கல் விழுகிறது, அவன் மயங்கிவிடுகிறான், விழிக்கும்போது எல்லாம் முடிந்திருக்கிறது. மீதியை அடுத்தவர் சொல்லித்தான் அவனுக்கும் நமக்கும் தெரிகிறது. முதல் உலகப் போரில் சோம் யுத்தகளத்தில் இருந்துவிட்டு வந்தவர் டோல்கீன், அவர் வேண்டுமென்றே போரை இப்படித் தள்ளி வைத்திருக்கிறார் என்று நான் நம்புகிறேன். அவருக்கு முக்கியம் போருக்கு முன்பு ஒரு இரவில், தோரின் எல்லாவற்றுக்கும் மேலாக மதிக்கும் ஆர்க்கன்ஸ்டோன் என்ற மணிக்கல்லைப் பில்போ எடுத்துக்கொண்டுபோய் எதிரணியிடம் கொடுப்பது. சண்டை நடக்கக் கூடாது என்பதற்காக நண்பனுக்குத் துரோகி என்ற பெயரை வாங்கிக்கொள்ளத் துணிகிறான், அதற்குப் பிறகு ஓடிப்போகாமல் அதே நண்பர்களிடம் திரும்பியும் வருகிறான். நாவலின் உச்சம் அதுதான். படத்தில் அது வருகிறது, போய்விடுகிறது, பிறகு முக்கால் மணி நேரத்துக்குப் போர்.

நீங்கள் கேட்ட தலைகீழ் கணக்குக்கு இதுதான் என் பதில். எட்டு மணி நேரம் இருந்தும், கரடியாக மாறக்கூடிய மனிதன் பியோர்னுக்கு இடமில்லை. நாவலில் அவனுக்கு ஒரு முழு அத்தியாயம் உண்டு, கடைசிப் போரில் கரடியாக வந்து தோரினைத் தூக்கிக்கொண்டு போவதும் கோப்ளின்களின் தலைவன் போல்க்கை நசுக்குவதும் அவன்தான். மூன்றாவது படத்தில் அவன் கழுகின் முதுகிலிருந்து குதிக்கிறான், சில நொடிதான், அதன் பிறகு ஆளையே காணோம்.

---

இருட்டரங்கு:

மலைக்கணவாய் சொன்னதில் எனக்குப் பெரும்பாலும் உடன்பாடுதான், ஆனால் பணத்தாசை என்று ஒரே வரியில் முடிப்பவர்களுக்காகத் தயாரிப்பு நடந்த கதையையும் சொல்ல வேண்டும்.

இந்தப் படத்தை முதலில் இயக்க இருந்தவர் கியெர்மோ டெல் டோரோ. திட்டம் இரண்டு படம். எம்ஜிஎம் நிறுவனம் கடனில் சிக்கிப் படம் தள்ளிக்கொண்டே போனதால் 2010 மே மாதம் அவர் விலகினார். அவரோடு இருந்து திரைக்கதை எழுதிக்கொண்டிருந்த ஜாக்சன் வேறு வழியில்லாமல் இயக்கத்தையும் ஏற்றுக்கொண்டார், 2011 மார்ச்சில் படப்பிடிப்பு தொடங்கிவிட்டது. 'லார்ட் ஆஃப் த ரிங்ஸ்' படங்களுக்கு அவருக்கு ஆண்டுக்கணக்கில் முன்தயாரிப்பு இருந்தது. இதில் அது இல்லை. பல நாள் அடுத்த காட்சியை எப்படி எடுப்பது என்று தெரியாமலேயே செட்டுக்குப் போனதாக அவரே மூன்றாவது படத்தின் வீட்டுப் பதிப்போடு வந்த தயாரிப்புப் பதிவில் வெளிப்படையாகப் பேசியிருக்கிறார். கடைசிப் போரைத் திட்டமிட முடியாமல் அந்தப் பகுதியின் படப்பிடிப்பை நிறுத்திவைத்து, அடுத்த ஆண்டு திரும்ப வந்து எடுத்தார்கள்.

மூன்று படம் என்ற அறிவிப்பு வந்தது 2012 ஜூலை கடைசியில், முதல் படம் வெளியாக ஐந்து மாதம் கூட இல்லாதபோது. இரண்டு படத்துக்காக எழுதி எடுத்த கதையை நடுவில் வேறு இடத்தில் வெட்டினால் என்ன ஆகும் என்பதை இரண்டாவது படத்தின் முடிவில் பார்க்கலாம். டிராகன் ஸ்மாக் ஏரி நகரத்தை எரிக்கப் பறக்கிறது, திரை இருட்டாகிறது. ஒரு வருடம் காத்திருந்தால் மூன்றாவது படத்தின் முதல் கால் மணி நேரத்துக்குள் வில்லாளி பார்ட் அதைக் கொன்றுவிடுகிறான், தலைப்பு எழுத்தே அதற்குப் பிறகுதான் வருகிறது. ஒரு படத்தின் உச்சக்கட்டம் அடுத்த படத்தின் முன்னுரையாகிவிட்டது. இரண்டாவது படத்துக்கு முடிவு இல்லாமல் போனதால் மலைக்குள் உருகிய தங்கத்தை ஊற்றிச் சிலை செய்து டிராகனை மூழ்கடிக்கப் பார்க்கும் நீண்ட துரத்தலைப் புதிதாகச் சேர்த்தார்கள். நாவலில் தோரினும் மற்ற குள்ளர்களும் ஸ்மாக்கோடு நேருக்கு நேர் மோதுவதே கிடையாது.

இன்னொன்று. டாரியல் என்ற எல்ஃப் பெண் பாத்திரத்தில் நடித்த எவாஞ்சலின் லில்லி, முக்கோணக் காதல் வைக்கக் கூடாது என்ற நிபந்தனையோடுதான் ஒப்புக்கொண்டதாகவும், பிறகு கூடுதல் படப்பிடிப்புக்குக் கூப்பிட்டபோது அதைச் சேர்த்திருந்ததாகவும் பேட்டிகளில் சொல்லியிருக்கிறார். நாவலில் பேச்சுள்ள பெண் பாத்திரமே இல்லை, அதனால் ஒருவரைச் சேர்த்ததில் எனக்கு எந்தக் குறையும் இல்லை, காவல் படைத் தலைவியாக அவரை அறிமுகப்படுத்தும் விதமும் நன்றாகவே இருக்கிறது. ஆனால் மூன்றாவது படம் ஒன்று கூடியதும் நிரப்ப வேண்டிய இடமும் கூடிவிடுகிறது, காதல்தான் கைக்குக் கிடைத்தது.

பணம் இல்லை என்றும் சொல்ல மாட்டேன். மூன்று படமும் சேர்ந்து உலகம் முழுக்கச் சுமார் 290 கோடி டாலர் வசூலித்தன. முதல் படம் மட்டுமே 100 கோடியைத் தாண்டியது. அந்தக் காலத்தின் வழக்கமும் அதுதான், ஹாரி பாட்டரின் கடைசிப் புத்தகம் 2010, 2011 என்று இரண்டாக வந்தது, ட்வைலைட் அதையே செய்தது, ஹங்கர் கேம்ஸும் செய்தது. டைவர்ஜென்ட் வரிசையில் கடைசி நாவலை இரண்டாக வெட்டி 2016இல் முதல் பாதியை வெளியிட்டார்கள். அது ஓடவில்லை, இரண்டாவது பாதியை எடுக்கவே இல்லை. அந்த நாவலை நம்பிக் கூடவே வந்த ரசிகர்கள் கதையின் முடிவைத் திரையில் பார்க்காமலேயே நிற்கிறார்கள், எனக்கு அதுதான் மிகப்பெரிய அநியாயமாகப் படுகிறது.

---

நடுவரிசை:

நான் கொஞ்சம் மாறுபடுகிறேன். ஒரு நாவலைப் பல படமாக எடுப்பதில் தவறே இல்லை.

டால்ஸ்டாயின் நாவலை வைத்துப் போந்தார்ச்சுக் எடுத்த 'போரும் அமைதியும்' 1966, 67இல் நான்கு பாகமாக வந்தது, மொத்தம் ஏழு மணி நேரத்துக்குக் கொஞ்சம் மேல். அந்த நாவலை எந்த ஆயிரம் பக்கத்தில் அடக்குவது? ஏழு மணி நேரம் அதற்குக் குறைவுதான். 'டியூன்' நாவலை 2021, 2024 என்று இரண்டு படமாக வில்நோவ் எடுத்தார், அங்கே பிளவு கதைக்குள்ளேயே இருந்த ஒரு பிளவு: கதாநாயகன் பால் (Paul), பாலைவனத்து மக்களோடு போய்ச் சேருகிற இடம். அதற்கு முன்னால் அவன் ஒரு பிரபுவின் மகன், அதற்குப் பின்னால் வேறு ஆள். இத்தனைக்கும் முதல் பாகம் வெளியான பிறகுதான் இரண்டாவது பாகத்துக்கு அனுமதியே கிடைத்தது, அப்படி இருந்தும் முதல் பாகம் தன்னளவில் நிற்கிறது.

நம் பக்கத்தில் பார்த்தால் 'பொன்னியின் செல்வன்' இதற்கு நேர் எதிர்ச் சிக்கல். கல்கி 1950இல் தொடங்கி 1954 வரை வாராவாரம் எழுதிய ஐந்து பாகத்தை 2022, 2023இல் இரண்டே படமாகச் சுருக்கினார்கள். மணிமேகலை என்ற பாத்திரமே காணாமல் போனது. நாவலைக் கரைத்துக் குடித்தவர்கள் இதை எவ்வளவு மனவருத்தத்தோடு பேசினார்கள் என்பது நினைவிருக்கும். எனக்கு அந்தப் படங்களில் ஐந்து மணி நேரத்துக்கு மேல் இருந்தும் மூச்சு விட நேரமில்லை என்ற உணர்வுதான். அந்த நாவலுக்கு மூன்று படம் கொடுத்திருந்தால் யாரும் இழுத்தார்கள் என்று சொல்லியிருக்க மாட்டார்கள்.

எனவே எண்ணிக்கை கேள்வியே இல்லை. அப்புறம், ஹாபிட் மூன்றாவது படத்தை நான் விரும்பிப் பார்த்தவன். தோரினுக்குத் தங்கத்தின் மேல் பித்துப் பிடிக்கிற பகுதியை ரிச்சர்ட் ஆர்மிடேஜ் நடித்த விதம் நாவலில் இருப்பதைவிட ஆழமாக இருக்கிறது என்பது என் கருத்து. போர் முடிந்ததும் மந்திரவாதி காண்டால்ஃப் பில்போவின் பக்கத்தில் உட்கார்ந்து ஒன்றுமே பேசாமல் புகைபிடிக்கும் பைப்பைக் குடைந்துகொண்டிருப்பாரே, அந்தக் காட்சிக்காகவே அந்தப் படத்தை மன்னிக்கலாம்.

---

தூசிதட்டுபவன்:

@நடுவரிசை, பொன்னியின் செல்வன் பற்றிச் சொன்னது நூற்றுக்கு நூறு. ஆனால் தமிழில் இழுப்புக்கும் ஒரு உதாரணம் இருக்கிறது, அதைப் பேசாமல் இந்த விவாதம் முழுமையாகாது. 'விடுதலை'.

ஜெயமோகனின் 'துணைவன்' ஒரு சிறுகதை. நாவல் கூட இல்லை. வெற்றிமாறன் அதிலிருந்து தொடங்கி 2023 மார்ச்சில் ஒரு படம், 2024 டிசம்பரில் இன்னொரு படம் என்று எடுத்தார். முதல் பாகம் எனக்கு மிகவும் பிடித்த படம். காரணம், அது முழுக்கக் குமரேசன் என்ற கடைநிலைக் காவலனின் கண் வழியாகவே போகிறது. ஜீப் ஓட்டுகிறான், சாப்பாடு கொண்டுபோய்க் கொடுக்கிறான், உதவி செய்ததற்காகத் தண்டனை வாங்குகிறான், மேலதிகாரி கேட்டும் மன்னிப்புக் கேட்க மறுக்கிறான். சிறுகதையில் இல்லாதது நிறைய இருக்கிறது, எதுவும் ஒட்டுப்போட்டதாகத் தெரியவில்லை, ஏனென்றால் எல்லாம் அந்த ஒரு ஆளைச் சுற்றியே வளர்கிறது.

இரண்டாம் பாகத்தில் போராளித் தலைவர் வாத்தியாரின் முன்கதை வருகிறது. அது தனியாகப் பார்த்தால் கனமான கதை, விஜய் சேதுபதியும் மஞ்சு வாரியரும் நன்றாகச் செய்திருக்கிறார்கள், பேசுகிற அரசியலும் எனக்கு முக்கியமானது. ஆனால் குமரேசன் ஓரமாக நின்று கதை கேட்கிறவனாக ஆகிவிட்டான். மலைக்கணவாய் பில்போவைப் பற்றிச் சொன்னதைப் படித்தபோது எனக்கு உடனே குமரேசன்தான் ஞாபகம் வந்தான். சின்ன ஆளின் கண் வழியாகப் பெரிய விஷயத்தைப் பார்ப்பதுதான் இரண்டு கதைகளுக்கும் ஆதாரம். படம் பெரிதாகும்போது முதலில் ஒதுங்க வேண்டி வருவது அந்தச் சின்ன ஆள்தான்.

இதற்கு மாற்றாக எனக்குத் தோன்றுவது மகேந்திரனின் 'உதிரிப்பூக்கள்', 1979. புதுமைப்பித்தனின் 'சிற்றன்னை'யிலிருந்து கிளம்பிய படம். அவர் அந்தக் குறுநாவலை அப்படியே படமாக்கவில்லை, அதன் குழந்தைகளை மட்டும் கையில் பிடித்துக்கொண்டு தன் சொந்தக் கதைக்குள் நடந்துபோனார், ஒரே படத்தில் முடித்தார். மூலத்துக்கு விசுவாசம் என்று பார்த்தால் ரொம்பத் தூரம் விலகியது. ஆனால் அம்மா இல்லாத குழந்தைகளின் தவிப்பு என்ற அந்த மையம் கடைசிக் காட்சி வரை கை நழுவவில்லை. அதைப் பார்த்த பிறகு புதுமைப்பித்தனைத் தேடிப் படித்தவர்கள் எத்தனையோ பேர்.

---

ஏழாம்பக்கம்:

எல்லோருக்கும் நன்றி, இவ்வளவு விரிவாக வரும் என்று எதிர்பார்க்கவில்லை. மூன்றாவது படம் எனக்கு ஏன் களைப்பாக இருந்தது என்பது இப்போது பிடிபடுகிறது. அதில் ஆல்ஃப்ரிட் என்று ஏரி நகரத்து எடுபிடி ஒருவன் திரும்பத் திரும்ப வருகிறானே, பெண் வேடம் போட்டுத் தங்கத்தை மார்பில் அடைத்துக்கொண்டு ஓடுகிறவன், அவனும் நாவலில் இல்லாதவன். அவனுக்கு அத்தனை காட்சி, ஆனால் தோரினின் அடக்கம் தியேட்டர் பதிப்பில் இல்லவே இல்லை. நாவலில் ஆர்க்கன்ஸ்டோனை அவன் மார்பின் மேல் வைத்து மலைக்கடியில் புதைப்பார்கள், எல்ஃப் அரசன் அவனிடமிருந்து பறித்த வாளைக் கொண்டுவந்து கல்லறை மேல் வைப்பான். அந்தப் பத்தியைப் படித்துவிட்டுப் புத்தகத்தை மூடி வைத்தேன், உடனே மேலே படிக்க முடியவில்லை.

இன்னும் இரண்டு சந்தேகம். லெகோலாஸ், டோல் குல்டூர் கோட்டைக்குள் காண்டால்ஃப் போவது, இதெல்லாம் டோல்கீனே வேறு இடத்தில் எழுதியதுதான் என்று சிலர் சமாதானம் சொல்கிறார்கள். அது எவ்வளவு தூரம் சரி? அப்புறம், மூன்று படத்தையும் ஒன்றாகச் சுருக்கி ரசிகர்கள் வெட்டிய பதிப்புகள் இருக்கின்றன என்று கேள்விப்பட்டேன். பார்க்கத் தகுந்ததா?

---

மலைக்கணவாய்:

முதல் சந்தேகத்துக்கு: பாதி சரி. நாவலில் காண்டால்ஃப் நடுவழியில் காணாமல் போவார், எங்கே போனார் என்பதற்குக் கடைசியில் ஒரு சிறு விளக்கம் மட்டும் வரும். அவரும் மற்ற மந்திரவாதிகளும் சேர்ந்து நெக்ரோமான்சர் என்ற தீய சக்தியை அந்தக் கோட்டையிலிருந்து விரட்டியதைப் பிறகு 'லார்ட் ஆஃப் த ரிங்ஸ்' பின்னிணைப்புகளில் டோல்கீன் கொஞ்சம் விரித்தார். படக்குழுவுக்கு அந்தப் பின்னிணைப்புகளின் உரிமை இருந்தது, அதனால் எடுத்துக்கொண்டார்கள். லெகோலாஸ் எல்ஃப் அரசனின் மகன் என்பதும் உண்மை, அந்தக் காலத்தில் அவன் அங்கே இருந்திருக்கலாம் என்பது நியாயமான ஊகம். டாரியல் முழுக்கப் படத்துக்காக உருவாக்கியவர்.

ஆனால் டோல்கீன் எழுதியது என்பதாலேயே அது இந்தக் கதைக்குள் வர வேண்டும் என்று ஆகிவிடாது. இதற்கு அவரையே சாட்சிக்குக் கூப்பிடலாம். 'லார்ட் ஆஃப் த ரிங்ஸ்' வெளியாகிச் சில ஆண்டு கழித்து, 1960இல், ஹாபிட்டை அந்தப் பெரிய நாவலின் தொனிக்கு ஏற்ப முதலிலிருந்து திருத்தி எழுதத் தொடங்கினார். குழந்தைகளோடு பேசுகிற கதைசொல்லியின் குரலை எடுத்தார், தூரக்கணக்கு, நாள்கணக்கு, நிலவின் வளர்பிறை தேய்பிறை எல்லாவற்றையும் சரிபார்த்தார். சில அத்தியாயம் போனதும் நிறுத்திவிட்டார். அந்தக் கைப்பிரதி அவர் இறந்து பல ஆண்டு கழித்து 2007இல் ஜான் ரேட்லிஃப் தொகுத்த நூலில் அச்சானது, படித்துப் பார்க்கலாம். நன்றாகத்தான் இருக்கிறது, ஆனால் அந்தப் பழைய சந்தோஷம் அதில் இல்லை. படைத்தவரே செய்து பார்த்து வேண்டாம் என்று விட்ட வேலையைத்தான் இந்த மூன்று படங்களும் பெரிய அளவில் செய்திருக்கின்றன. ஒரு முழு நீள முன்கதையை அந்தப் பெரிய காவியத்தின் எடையோடு சொல்ல ஆசைப்பட்டார்கள், கையில் இருந்ததோ ஒரு சுற்றுலாப் போன ஆள் வீடு திரும்புகிற கதை.

@நடுவரிசை, ஆர்மிடேஜ் பற்றிச் சொன்னதை ஒப்புக்கொள்கிறேன். அதே நடிப்பு இரண்டு படத்துக்குள் அடங்கியிருந்தால் இன்னும் எடுபட்டிருக்கும் என்பதுதான் என் ஆதங்கம்.

---

இருட்டரங்கு:

ரசிகர் பதிப்புகள் பற்றி: மூன்றாவது படம் வெளியான சில வாரத்திலேயே, 2015 ஜனவரியில், ஒருவர் மூன்றையும் நாலரை மணி நேரத்துக்குச் சுருக்கி வெளியிட்டார். பிறகு பலர் பல விதமாகச் செய்தார்கள். பொதுவாக முதலில் கத்தரிப்பது டாரியல் காதல், டோல் குல்டூர், அஸோக்கின் துரத்தல், ஆல்ஃப்ரிட். எல்லாப் பதிப்பும் எனக்குப் பிடிக்கவில்லை, சில இடங்களில் இசை பாதியில் அறுபடும், ஒரு காட்சியில் காயத்தோடு இருக்கிறவன் அடுத்த காட்சியில் காரணமே தெரியாமல் எழுந்து நடப்பான். ஆனாலும் பில்போ திரும்பக் கதையின் நடுவுக்கு வந்துவிடுகிறான், அதைப் பார்ப்பதற்கு நிம்மதியாக இருக்கும்.

சுருக்கத்தின் மறுகோடியையும் பார்க்க வேண்டும் என்றால் 1977இல் அமெரிக்கத் தொலைக்காட்சிக்காக வந்த ஹாபிட் கார்ட்டூன் இருக்கிறது, முழுக் கதையும் 77 நிமிடத்தில். பியோர்ன் அதிலும் இல்லை, ஆர்க்கன்ஸ்டோனும் இல்லை. எட்டு மணி நேரமும் போதவில்லை, 77 நிமிடமும் போதவில்லை. என் கணக்கில் ஒரு நல்ல மூன்றரை மணி நேரப் படம், இல்லாவிட்டால் முதலில் திட்டமிட்டபடி இரண்டு படம்.

ஜாக்சனின் நீட்டித்த பதிப்புகளைப் பார்ப்பதானால் இரண்டாவது படத்துக்குக் கண்டிப்பாக அதையே பாருங்கள். 186 நிமிடம்தான், ஆனால் கூடிய 25 நிமிடத்தில் பியோர்ன் வீட்டுக்குக் குள்ளர்கள் இரண்டிரண்டு பேராக வந்து நிற்கிற காட்சி நாவலில் இருப்பதுபோலவே கிடைக்கிறது. மூன்றாவது படத்தின் நீட்டித்த பதிப்பில் தோரினின் அடக்கம் இருக்கிறது, அதற்காகப் பார்க்கலாம், ஆனால் போரும் அதில் இன்னும் நீளம், ரத்தமும் அதிகம், அமெரிக்காவில் அதற்கு 'R' சான்றிதழ் (17 வயதுக்குட்பட்டவர்கள் பெரியவர் துணையோடுதான் பார்க்கலாம்) கொடுத்தார்கள், அதனால் குழந்தைகளோடு உட்காருவதாக இருந்தால் தியேட்டர் பதிப்பே போதும்.